காரைப் பள்ளிக்குக் கொடுக்கலாம், தீனியை யார் போடுவது?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருந்து ஊருக்கு உதவி செய்பவர்கள், வீட்டில் ஓடாமல் ஒரு வாகனம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். எங்களைப் போன்ற பெண்கள் நிர்வாகக் கூட்டத்தில் உட்காருவதில்லை. அதனால் சொல்ல இருப்பதை இங்கேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் மாணிக்கக் கல் பூமி. எஹலியகொடயில் இருந்து குருவிட்ட, இரத்தினபுரி வரைக்கும் கல் வியாபாரத்தில் நல்ல காலம் கண்ட குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல கல் ஒன்று கைக்கு வந்தால் முதலில் வீடு, அடுத்தது கார். அப்படி வாங்கிய பென்ஸ், பி.எம்.டபிள்யூ. கார்களில் சில இன்று கராஜில் உறை போட்டு நிற்கின்றன. ஓட்டியவருக்கு வயதாகிவிட்டது, அல்லது அவர் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் கட்டாரில், லண்டனில், அவுஸ்திரேலியாவில். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்களே, அப்போது நிறுத்தியவர்களில் சிலர் பிறகு வெளியே எடுக்கவே இல்லை.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல எண்ணம் வருகிறது. "வாப்பாட பேர்ல காரைப் பள்ளிக்குக் குடுத்துடுவோம். ஸதகதுல் ஜாரியாவா இருக்கும்." இந்தப் பேச்சை நான் ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. எண்ணம் நல்லது. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் எண்ணம் நல்லதாக இருப்பதாலேயே யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். ஒரு தனி ஆள் வாங்கும்போது அது சரி. ஊருக்கென்று ஒரு பொருள் வரும்போது பல்லையும் பார்க்க வேண்டும், காலையும் பார்க்க வேண்டும், தினமும் எவ்வளவு புல் தின்னும் என்றும் கேட்க வேண்டும். ஏனென்றால் புல் வாங்கப் போவது ஊர்ப் பணம்.

எனக்கு உறவான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்டு, இதை எழுதலாம் என்று சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.

வாப்பா கல் வியாபாரி. கடைசிக் காலத்தில் பழைய பென்ஸ் ஒன்றை ஆசையாக வைத்திருந்தார். ஜும்ஆவுக்கு மட்டும் எடுப்பார். மௌத்தானபோது மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை. மூத்தவர் வெளிநாட்டில் இருந்து வந்தார். கத்தம் முடிந்து எல்லோரும் கூடியிருந்த இடத்தில், "வாப்பாட கார் பள்ளிக்கு" என்று சொன்னார். எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். மகள் ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு குசினியில் வைத்து அவள் என்னிடம் சொன்னாள்: "மச்சி, எனக்கும் ஆசைதான். ஆனா எனக்கு அந்தக் காசு தேவை. இதை எப்படி நானாமார்கிட்ட சொல்றது? வாப்பாட நன்மைக்குக் குறுக்க நிக்கிறேன்னு நினைப்பாங்க."

அவளுடைய கணவருக்கு இரண்டு வருடமாக ஒழுங்கான வேலை இல்லை. மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் அந்தச் சபையில் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, எல்லோரும் தேநீர் குடித்துவிட்டு எழும்பிவிட்டார்கள்.

நான் மௌலவியா அல்ல. மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் தரம் 8 பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள் என்பதால், ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டேன். மௌத்தானவரின் தாய் தகப்பன் உயிரோடு இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற அளவில். காரை 40 பங்காகப் பிரித்தால் மனைவிக்கு 5, மகன்மார் இருவருக்கும் 14, 14, மகளுக்கு 7.

இப்போது பாருங்கள். "வாப்பாவின் கார்" என்று நாங்கள் சொல்லும் பொருள், வாப்பா மௌத்தான நிமிடத்தில் வாப்பாவின் கார் இல்லை. அவருடைய கடனும், வஸிய்யத் செய்திருந்தால் அதுவும் போக, அது நான்கு பேருடைய சொத்து. வஸிய்யத் கூட மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) நோயில் படுத்திருந்து சொத்தைத் தருமம் செய்யக் கேட்டபோது, மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம்தான் என்று நபி (ஸல்) அவர்கள் நிறுத்தியது இதற்காகத்தான். வாரிசுகளைக் கையேந்த விட்டுவிட்டுப் போவதை விட வசதியாக விட்டுப் போவது நல்லது என்றும் சொன்னார்கள். இலங்கையில் எங்களுக்கென்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. மார்க்கத்திலும் சட்டத்திலும் அந்த 7 பங்கு அவளுடையது.

40இல் 7 என்பது சின்னப் பின்னமாகத் தெரியும். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய 7 பங்கு, மூன்று பிள்ளைகளின் இரண்டு மூன்று வருடப் படிப்பு.

மூத்தவரிடம் அந்தக் கடுதாசியைக் கொடுத்துப் பேசியது நான் அல்ல, என் மாமிதான். இத்தாவில் இருந்தபடியே மகனைக் கூப்பிட்டு, "தங்கச்சிட பங்கை அவளிட்டக் கேட்காம நீ எப்படிப் பள்ளிக்குக் குடுப்பாய்? ஒங்கட பங்கை நீங்க குடுங்க. நான் என்ட பங்கைத் தாறேன். அவள்ட பங்கை அவளிட்டக் குடு" என்றார். மூத்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் அழுதாள். அவரும் அழுதார்.

பிறகு இளையவர் ஒரு யோசனை சொன்னார். "அப்ப மத்த பங்கெல்லாம் பள்ளிக்கு எண்டு குடுப்போம். பிறகு பள்ளியில இருந்து நானே ஒரு வெலைக்கு எடுத்துக்கிறேன். கார் வீட்டோடயே இருக்கும், பள்ளிக்கும் காசு போகும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாப்பாவின் ஞாபகமாகக் காரை வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் இந்த இடத்தில் உமர் (ரழி) அவர்களின் குதிரையை நினைக்க வேண்டும்.

அந்தச் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உமர் (ரழி) ஒரு நல்ல குதிரையை அல்லாஹ்வின் பாதையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் குதிரை என்றால் இந்தக் காலத்துக் கார்தான். வாங்கியவர் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லை. குதிரை மெலிந்து வீணாகிக்கொண்டிருந்தது. உமர் (ரழி) அதைப் பார்த்து, திரும்ப விலைக்கு வாங்கிவிடலாம், மலிவாகவும் கிடைக்கும் என்று நினைத்து நபியவர்களிடம் கேட்டார்கள். ஒரு திர்ஹத்துக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று பதில் வந்தது. கொடுத்த தருமத்தைத் திரும்ப எடுப்பவருக்கு நபியவர்கள் சொன்ன உவமை கடுமையானது, உங்களுக்கு அது தெரியும்.

ஏன் அவ்வளவு கடுமை? கொடுத்தவர் திரும்ப வாங்க வந்தால், எடுத்தவர் விலை பேச வெட்கப்படுவார். எங்கள் பள்ளித் தலைவர் இளையவரிடம், "இல்ல, வெளியில இதை விடக் கூடுதலா எடுப்பாங்க" என்று சொல்வாரா? சொல்ல மாட்டார். கொடுத்த கையே கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகிவிடும். காரை வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது. தருமம் ஆகும் முன்னால், அது வாரிசுச் சொத்தாக இருக்கும்போதே, வெளி விலைக்கு மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்வது. இளையவர் இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பார்த்தார். தன்னால் முடியாது என்று விட்டுவிட்டார்.

அந்தக் குதிரையின் செய்தியில் எனக்கு இன்னொன்றும் படும். குதிரை நல்ல குதிரை. கொடுத்தவர் உமர் (ரழி). நிய்யத்தில் குறையே இல்லை. அப்படியிருந்தும் குதிரை மெலிந்தது. கொடுத்தவரின் தரத்தால் தீனி வந்துவிடாது.

ஒரு பழைய பென்ஸ் பள்ளிவாசல் வளவுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வருடா வருடம் இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, பிறகு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம். நாலு டயர் மாற்றினால் ஒரு ஆசிரியையின் ஒரு மாதச் சம்பளம் போதாது. உள்ளே எலெக்ட்ரொனிக் பழுது என்றால் எங்கள் ஊர் கராஜ் பாஸ் கையை விரித்துவிடுவார், கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஓட்ட ஒரு ட்ரைவர். யார் எப்போது எடுப்பது என்று ஒரு சண்டை. ஜனாஸா கொண்டுபோக முடியாது, அதற்கு வேன் வேண்டும். மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்ற முடியாது, நாலு பேருக்கு மேல் கொள்ளாது. கடைசியில் நிர்வாகத்தில் உள்ளவர்கள் கொழும்புக்கூட்டத்துக்குப் போக மட்டும் உதவும். ஜமாஅத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வருடம் பேச்சு வரும்.

உமர் (ரழி) அவர்களிடமே இன்னொரு கொடையும் இருக்கிறது. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, மூலத்தை விற்காமல் நிறுத்தி வைத்து அதன் பலனைத் தருமம் செய்யும் வழியை நபியவர்கள் காட்டினார்கள். வக்ஃப் என்பதற்கு உலமாக்கள் முதலில் காட்டும் ஆதாரம் இதுதான். நிலம் காய்க்கிறது, அதன் காயைக் கொடுக்கலாம். கடை வாடகை தருகிறது, அந்த வாடகையைக் கொடுக்கலாம். கார் காய்க்காது. நின்றாலும் தின்னும், ஓடினாலும் தின்னும். காய்க்கிற சொத்தை ஊருக்குக் கொடுப்பதும் தின்கிற சொத்தைக் கொடுப்பதும் ஒன்று இல்லை. வாகனமும் ஆயுதமும் போன்ற பொருட்களை அல்லாஹ்வின் பாதையில் கொடுத்த ஸஹாபாக்கள் இருக்கிறார்கள், அது கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதென்றால் தேவையான வாகனத்தைத் தீனியோடு கொடுக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே கல் வியாபாரப் பணம் எப்படிக் காய்த்தது என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பேருவளை நளீம் ஹாஜியார் வறுமையில் இருந்து மாணிக்க வியாபாரத்தில் உயர்ந்தவர். 1973இல் ஜாமிஆ நளீமிய்யா கலாபீடம் தொடங்கியது அவருடைய கொடையால். அவர் என்ன காரில் போனார் என்று என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நளீமிய்யாவில் படித்தவர் ஒருவரையாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சொகுசுக் காரைத் தருமத்துக்குக் கொடுத்த கதைகளில் எங்கள் பக்கத்து நாட்டில் நடந்த ஒன்று பெயர் போனது. 1964 டிசம்பரில் பாப்பரசர் ஆறாம் பவுல் பம்பாய்க்கு வந்தார். அவருடைய பயணத்துக்கு அமெரிக்காவில் இருந்து வெள்ளை நிற லிங்கன் கொண்டினென்டல் கார் ஒன்று அன்பளிப்பாக வந்திருந்தது. திரும்பும்போது அதை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்கத்தாவின் சேரிகளில் வேலை செய்யும் ஒரு கன்னியாஸ்திரிக்கு அவ்வளவு பெரிய கார்! அவர் அதில் ஏறி ஊரைச் சுற்றவில்லை. மடத்து வாசலில் காட்சிக்கு நிறுத்தி வைக்கவும் இல்லை. சீட்டு விற்றுக் குலுக்கலில் விட்டு, கிடைத்த பணத்தை மேற்கு வங்காளத்தில் தொழுநோயாளிகளுக்காகக் கட்டிய சாந்தி நகர் என்ற குடியிருப்புக்குப் போட்டார். பாப்பரசர் ஏறிய கார் என்ற பெருமையை அவர் வைத்துக்கொள்ளவில்லை, அதை அப்படியே வீடாகவும் மருந்தாகவும் மாற்றிவிட்டார்.

குலுக்கல் சீட்டு எங்களுக்கு ஆகாது. சீட்டு வாங்கிய ஆயிரம் பேரின் பணத்தில் ஒருவருக்கு மட்டும் கார் விழுவது சூதாட்டத்தின் பக்கம் வந்துவிடும். ஆனால் ஏலம் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஏலம் விடுவதை என் மாணவர்கள் வந்து கதை கதையாகச் சொல்வார்கள். எங்கள் மார்க்கத்திலும் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிற செய்தி. அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும். இரண்டையும் கொண்டுவரச் சொல்லித் தங்கள் கையாலேயே எடுத்து ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். யார் கூடுதலாகத் தருவது என்று கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்தார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்குச் சாப்பாடு, ஒரு திர்ஹத்துக்குக் கோடரி. விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கண்ணில் படக்கூடாது என்று அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வந்தார்.

இதில் நாங்கள் படிக்க வேண்டியது நிறைய. பொருளைப் பொருளாகவே வைத்துக்கொண்டு பரிதாபப்படவில்லை. எல்லோர் முன்னிலையிலும் விலை கேட்டு, கூடுதல் விலைக்கு விற்றார்கள். அந்தப் பணம் எதற்கு என்பதும் உடனே முடிவானது. பகுதி இன்றையப் பசிக்கு, பகுதி நாளைய உழைப்புக்கு. இதை விடத் தெளிவான கணக்கறிக்கையை எந்தப் பொதுக்கூட்டத்தில் வாசித்திருக்கிறார்கள்?

அமெரிக்காவில் பழைய காரைத் தர்ம நிறுவனங்களுக்குக் கொடுப்பது சாதாரண வழக்கம். கொடுத்தால் வருமான வரியில் சலுகை உண்டு. அங்கேயும் ஒரு பிரச்சினை வந்தது. ஓட்டைக் காரைக் கொடுத்துவிட்டுப் பெரிய பெறுமதி எழுதி வரிச் சலுகை எடுத்தவர்கள் அதிகமானார்கள். அதனால் 2004இல் சட்டத்தை மாற்றினார்கள். 2005 முதல், 500 டொலருக்கு மேல் சலுகை கேட்பவருக்கு, அந்த நிறுவனம் காரை உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ பொதுவாக அந்த அளவுக்குத்தான் சலுகை. கொடுத்தவர் மனதில் என்ன பெறுமதி என்பதைச் சட்டம் கேட்பதில்லை, ஏழைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்கிறது. அல்லாஹ்விடம் நிய்யத்துக்குக் கூலி உண்டு. ஆனால் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டியது போய்ச் சேர்ந்ததைத்தான்.

எங்கள் குர்ஆன் இதை இரண்டு இடத்தில் தொடுகிறது. நாங்கள் விரும்புகிற பொருளில் இருந்து கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்பது ஆல இம்ரானின் 92ஆம் வசனத்தின் கருத்து. இதைக் கேட்டுத்தான் அபூதல்ஹா (ரழி) தமக்கு மிகப் பிடித்த பைருஹா தோட்டத்தைக் கொடுக்க முன்வந்தார்கள். நபியவர்கள் அதைப் பெரிதாகப் பாராட்டிவிட்டு, சொந்தக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார்கள். மச்சியின் 7 பங்கைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு இதில் ஆறுதல் இருக்கிறது. மற்றது அல்பகராவின் 267ஆம் வசனம். எங்களுக்கு யாராவது தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தேடி எடுத்துத் தருமம் செய்யக்கூடாது என்பது அதன் கருத்து. ஓடாத காரைத் தள்ளிக்கொண்டு வந்து பள்ளி வளவில் விடுவது இரண்டாவது வசனத்துக்குள் போய்விடும். அதையே திருத்தி, நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொடுத்தால் முதலாவது வசனத்தின் பக்கம் வந்துவிடலாம். கார் ஒன்றுதான், கொடுக்கிற விதம்தான் வேறு.

அந்தக் குடும்பம் கடைசியில் காரை விற்றது. இறந்தவர் பெயரில் உள்ள புக்கை மாற்றும் வேலை இழுத்தடித்தது, அது தனிக் கதை. வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். முதலில் கராஜுக்கும் இன்னொருவருக்கும் இருந்த கடன் அடைக்கப்பட்டது. மகளின் 7 பங்கு அவளுடைய கணக்குக்குப் போனது. மாமியும் மகன்மாரும் தங்கள் 33 பங்கில் பெரும்பகுதியை வாப்பாவுக்காகக் கொடுத்தார்கள். எதற்குக் கொடுப்பது என்று கேட்டபோதுதான் மஹரகமப் பேச்சு வந்தது.

ஏ4 வீதியில் இருக்கிற எங்களுக்கு மஹரகம என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. எஹலியகொடயில் பஸ் ஏறினால் அவிசாவளை, ஹோமாகம, பிறகு மஹரகம. ஒரே வீதி. புற்றுநோய் வைத்தியசாலை அந்த வீதியில்தான் இருக்கிறது. என் உம்மாவை ஒன்றரை வருடம் அந்த வழியில் கூட்டிக்கொண்டு போனேன். ஸுபஹுக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்க வேண்டும். மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாட்கள் இருந்தன. அந்த கிளினிக் வரிசையில் எங்களோடு தோட்டத்து லயங்களில் இருந்து வந்த அம்மாமார் இருப்பார்கள். போன தடவை வந்தவர் இந்தத் தடவை வரமாட்டார். விசாரித்தால் சில நேரம் மௌத்து. சில நேரம் பஸ் காசு இல்லை. ஒரு நாள் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும், கூட வருகிறவருக்கும் போய்விடும். மருந்து இலவசம்தான். மருந்து இருக்கும் இடத்துக்குப் போவது இலவசம் இல்லை.

அதே வைத்தியசாலைக்கு ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று பணம் சேர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். இலக்கு 20 கோடி ரூபாய். சிங்களவர், தமிழர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிக்காமல் மக்கள் நூறும் ஆயிரமுமாகக் கொடுத்தார்கள். யாரும் தங்கள் வீட்டுப் பழைய பொருளைக் கொண்டுபோய் வைத்தியசாலை வாசலில் இறக்கவில்லை. என்ன தேவை என்று முதலில் கேட்டார்கள், அந்தத் தேவைக்குக் காசு கொடுத்தார்கள்.

அந்தக் குடும்பம் கொடுத்த பணத்தில் இப்போது சின்ன ஏற்பாடு ஒன்று நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. மஹரகமவுக்கும் இரத்தினபுரிக்கும் கிளினிக் போகிற நோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் போக்குவரத்துச் செலவு. நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோவோ வேனோ பிடித்துக் கொடுப்பார்கள். முஸ்லிமா, தோட்டத்தவரா, சிங்களவரா என்று கேட்பதில்லை, கிளினிக் அட்டையை மட்டும் பார்ப்பார்கள். பணத்தை ஒருவர் வைத்திருக்கிறார், இன்னொருவர் கணக்கு எழுதுகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் குடும்பத்துக்குக் காட்டுகிறார்கள். வாப்பாவின் கார் நாலு பேரை ஏற்றியிருக்கும். அதன் விலை இதற்குள் அதைவிடப் பல மடங்கு ஆட்களை ஏற்றிவிட்டது.

உங்கள் வீட்டிலும் உறை போட்ட கார் ஒன்று நின்றால், "பள்ளிக்குக் குடுத்துடுவோம்" என்று சபையில் சொல்வதற்கு முன்னால், இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. இது யாருடையது? மௌத்தானவருடையது என்றால் கடன் அடைந்துவிட்டதா? லீசிங் பாக்கி இருக்கிறதா? வாரிசுகள் யார் யார்? வயது வராத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பங்கை யாரும் தானம் செய்ய முடியாது.

2. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டீர்களா? குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். சபையில் கேட்டால் "இல்லை" என்று சொல்ல எங்களால் முடியாது. போனில் கேளுங்கள், நேரம் கொடுங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் முகம் கோணாமல் கேளுங்கள்.

3. வாங்குகிறவர்களுக்கு இந்த வாகனம் தேவையா? பள்ளியோ பாடசாலையோ மத்ரஸாவோ, "எங்களுக்குக் கார் தேவை" என்று அவர்கள் கேட்டார்களா, நீங்கள் கொடுக்க நினைத்தீர்களா?

4. தேவை என்றால் குறைந்தது இரண்டு வருடத் தீனியோடு கொடுக்க முடியுமா? இன்சூரன்ஸ், லைசன்ஸ், டயர், ட்ரைவர் சம்பளம். முடியாவிட்டால் விற்றுக் கொடுங்கள்.

5. விற்பதாக இருந்தால் பல பேருக்குத் தெரிய விலை கேளுங்கள். நிர்வாகத்தில் உள்ளவருக்கோ கொடுத்தவரின் சொந்தக்காரருக்கோ கதவுக்குப் பின்னால் மலிவாகப் போகக்கூடாது.

6. புக்கைப் பெயர் மாற்றிக் கொடுங்கள். பள்ளிக்கு வந்த சொத்து என்றால் அது பள்ளியின் சொத்துப் பதிவில் ஏற வேண்டும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபு சட்டத்தின் கீழ்ப் பதிவான பள்ளிக்குக் கணக்குக் காட்டும் கடமை இருக்கிறது. பெயர் மாற்றாத வாகனம் ரோட்டில் ஒரு விபத்தில் மாட்டினால், தருமம் கொடுத்தவர் வீட்டு வாசலுக்குத்தான் பொலிஸ் வரும்.

நிர்வாகத்தில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இது எங்களுக்கு வேண்டாம், விற்றுத் தாருங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். அது நன்றி கெட்ட பேச்சு இல்லை. கொடுப்பவர் மனம் புண்படும் என்று எல்லாவற்றையும் வாங்கி வளவில் துருப்பிடிக்க விடுவதுதான் அவருடைய தருமத்துக்குச் செய்யும் அநியாயம். ஊருக்கு என்ன தேவை என்று ஒரு பட்டியல் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். ஜனாஸா வேன் தேவை என்றால் எழுதுங்கள். தரம் 5 பிள்ளைகளுக்கு மேசை தேவை என்றால் எழுதுங்கள். கிளினிக் போகப் பஸ் காசு தேவை என்றாலும் எழுதுங்கள். கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எதைக் கொடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இதில் மார்க்க ரீதியாக நான் சொன்னதில் திருத்தம் இருந்தால் உலமாக்கள் கீழே எழுதுங்கள், வாசிப்பவர்களுக்குப் பயன்படும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். அவர்கள் அடுத்த லீவுக்கு ஊருக்கு வருவதற்கு முன்னால் வாசிப்பது நல்லது.

யா அல்லாஹ், எங்களை விட்டுப் பிரிந்த தாய் தகப்பன்மாரின் கப்றுகளை ஒளியாக்குவாயாக. அவர்கள் பேரில் நாங்கள் கொடுப்பதை ஹலாலாகவும் தூய்மையாகவும் ஆக்குவாயாக. மஹரகம வீதியில் இன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் யாராக இருந்தாலும், சுகத்தைக் கொடுப்பாயாக. ஆமீன்.